ஒரே பாத்திரத்தில் குடிக்காதவர்கள்

எங்கள் கிறிஸ்தவ சபையை நிர்வகித்த வார்டன் இறந்தபோது நான் மரண வீட்டுக்குப் போகவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று சாட்டுச் சொல்லவும் இல்லை. கேட்டவர்களிடம், "எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது" என்று சொன்னேன். செத்தவரைப் பற்றி இப்படிக் கதைக்கலாமா என்று முகம் சுளித்தார்கள். அவர் உயிரோடு இருந்தபோதும் இதைத்தான் சொன்னேன். அதுவும் அவருடைய முகத்துக்கு நேரே, சபைக் கமிட்டி முழுவதும் கேட்கும்படி சொன்னேன். அதற்குப் பிறகு என் வேலை போனது, இருந்த வீடு போனது, அண்ணனும் போனார். ஒரு சாவு வந்துவிட்டது என்பதற்காக என் எண்ணத்தை மாற்றிக்கொள்ளும் கடமை எனக்கு இல்லை.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்திய காலம் அது. கொழும்பில், கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக்குப் போகும் தெருவில் எங்கள் கோயில் இருந்தது. கத்தோலிக்கரின் பெரிய கோயிலுக்கும் சைவர்களின் கோயில்களுக்கும் நடுவே, வெள்ளைக்காரர் தங்கள் சபைக்கென்று எப்போதோ கட்டி, பிறகு தமிழருக்கென்று விட்டுக்கொடுத்த சின்னக் கட்டடம். பக்கத்திலேயே சபையின் தமிழ்ப் பள்ளிக்கூடம். நான் அங்கே படிப்பித்தேன். எங்கள் அப்பா யாழ்ப்பாணத்தில் உபதேசியாராக இருந்து செத்துப்போனவர். அம்மாவும் போனபின் துறைமுகக் கந்தோரில் கிளாக்காக இருந்த அண்ணனோடு வந்து சேர்ந்தேன். எனக்கு அப்போது முப்பது வயது. கலியாணம் பேசி வந்த இரண்டு இடங்களும் சரிவரவில்லை. மூன்றாவது இடத்தை அண்ணன் தேடவில்லை.

சபையிலிருந்த குடும்பங்களில் பாதிக்கு மேல் அப்போதே நகரின் தெற்கே வெள்ளவத்தைக்குக் குடிபோய்விட்டன. கடற்காற்று, அகலமான வளவு, நல்ல அயல். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயிலேறிக் கோட்டை ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து ரிக்ஷா பிடித்துக் கொட்டாஞ்சேனைக்கு வருவார்கள். நீள மர இருக்கைகளில், தங்கள் தங்கள் வாங்குகளில், ஆராதனை முடியும்வரை இருந்துவிட்டுப் போவார்கள். வாங்குகளில் ஒருவருடைய பெயரும் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை. முன் வாங்கு வார்டனுக்கும் அவருடைய மனைவிக்கும் உரியது என்பது ஞாயிறு பாடசாலைக் குழந்தைக்கும் தெரியும்.

வார்டன் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் தலைமைக் கிளாக்காக இருந்து இளைப்பாறியவர். வெள்ளைக் கோட்டு, கறுப்புக் குடை. யார் கதைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடிந்ததும் கண்ணைத் திறந்து, அந்த ஆள் கதைக்கவே இல்லை என்பதுபோல் தான் முதலில் சொன்னதையே திரும்பச் சொல்லுவார். எங்கள் குருவானவர் இளம் ஆள், சபைக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. அவருக்கு வார்டனைக் கண்டால் பயம். அதை மறைக்கவும் அவருக்குத் தெரியாது.

அந்த வருஷம் உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசு காலத்தில் எங்கள் பிஷப்பான அத்தியட்சரிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு சபையும் தன்னைச் சுற்றியிருக்கும் சனங்களிடம் போய் ஊழியம் செய்ய ஒரு திட்டம் போட வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. கமிட்டி கூடியது. அண்ணனும் அதில் ஒரு உறுப்பினர். எனக்குக் கையெழுத்து நல்லது என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். வேறு காரணம் இல்லை.

வார்டன் ஒரு வரைபடத்தை விரித்தார். கந்தோர்ப் பழக்கம். கத்தோலிக்கத் தெருக்களுக்குச் சிவப்புப் பென்சில், அவர்களைத் தொடவேண்டாம். சைவக் கடைக்காரர், முஸ்லிம் வியாபாரிகள் இருந்த தெருக்களுக்குப் பச்சை, அவர்கள் கேட்கமாட்டார்கள். கரிக் கிட்டங்கிகளுக்குப் பின்னால் இருந்த தோட்டத்துக்கு மட்டும் நீலம். கொழும்பில் தோட்டம் என்றால் மரஞ்செடி அல்ல. ஒரே தண்ணீர்க் குழாயைச் சுற்றி முதுகோடு முதுகு ஒட்டிய அறைகளின் வரிசை. அங்கே கப்பலுக்குக் கரி ஏற்றும் இந்தியத் தமிழர்கள் குடும்பம் குடும்பமாக இருந்தார்கள்.

"இதுகள்தான் இருளில கிடக்கிற சனம்" என்றார் வார்டன். "புதன்கிழமை பின்னேரம் பெண்கள் போய்ச் சந்திக்கட்டும். துண்டுப் பிரசுரம் குடுங்கோ. உயிர்த்த ஞாயிறு அன்றைக்கு ஆராதனை முடிய, பள்ளிக்கூட மண்டபத்தில அரிசியும் பழைய உடுப்பும் குடுப்பம். பிறகு படிப்படியா ஒரு கூட்டம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். திட்டத்தை அழகான எழுத்தில் எழுதி அத்தியட்சருக்கு அனுப்பினேன்.

முதல் புதன்கிழமை வார்டனின் மனைவியோடு நான் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். அந்த அம்மா வாசலிலேயே கைலேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்தவர், திரும்பி வரும்வரை எடுக்கவில்லை. கரித்தூள் சுவரிலும் கொடியில் காய்ந்த துணியிலும் குழந்தைகளின் காதுக்குள்ளும் படிந்திருந்தது. ஆனால் முதல் அறையின் வாசல் கூட்டித் தெளித்திருந்தது. உள்ளே ஒரு பெண் தேயிலைக் கிட்டங்கி வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். என் வயதிருக்கும். கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு, அதில் சின்னச் சிலுவை.

வார்டனின் மனைவி துண்டுப் பிரசுரத்தை நீட்டி, "இயேசு சாமியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறியோ?" என்று கேட்டார்.

அந்தப் பெண் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினாள். வாசித்தாள். நிறுத்தாமல், எழுத்துக் கூட்டாமல் வாசித்தாள். வாசித்து முடித்து, "இதுல ஒரு வசனம் தப்பா அச்சடிச்சிருக்கு அம்மா" என்றாள்.

பிறகு உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து ஒரு ஜெபப் புத்தகத்தையும் ஒரு கடிதத்தையும் கொண்டுவந்தாள். கடிதம் தூத்துக்குடிப் பக்கத்துச் சபை ஒன்றின் குருவானவர் எழுதிக் கொடுத்தது. அவளும் புருஷனும் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்றவர்கள், கொழும்பில் அவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதில் இருந்தது. அவளுடைய பூட்டன் காலத்திலேயே மதம் மாறிய குடும்பம். எங்கள் அப்பாவின் அப்பா அப்போது விபூதி பூசிக்கொண்டிருந்திருப்பார்.

"கொழும்புக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு" என்றாள். "நம்ம சபைக் கோயில் இங்க எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியல. பெரிய கோயிலுக்குப் போனோம், அது வேற மாதிரி. நீங்க எந்தக் கோயிலு? ஆராதனை எத்தன மணிக்கு?"

எங்கள் கோயில் அந்த வாசலிலிருந்து ஐந்து நிமிஷ நடை.

வார்டனின் மனைவி லேஞ்சிக்குப் பின்னாலிருந்து, "உங்களுக்குத் தனியா ஒரு கூட்டம் வைப்பம்" என்று சொல்லிவிட்டு என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்தார். தெருவுக்கு வந்ததும், "இதுகளுக்குப் பாவசங்கீர்த்தனமும் மனப்பாடமாத் தெரியும்போல" என்றார். ஏதோ திருட்டைக் கண்டுபிடித்த குரல்.

நான் அடுத்த கிழமைப் புதன் தனியாகப் போனேன். அறை அறையாகக் கேட்டு எழுதினேன். அந்த வரிசையில் அவளுடைய வீட்டைப்போல இன்னும் ஆறு வீடுகள் இருந்தன. எல்லாரும் எங்கள் சபையையே சேர்ந்தவர்கள். கையில் கடிதமும் வைத்திருந்தார்கள். இருளில் கிடக்கும் சனம் என்று நீலப் பென்சிலால் வட்டம் போட்ட இடத்தில் எங்களைவிடப் பழைய கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். இதையெல்லாம் அறிக்கையாக எழுதி, இவர்களை உயிர்த்த ஞாயிறு அன்று சபையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கடைசியில் ஒரு வரியும் போட்டேன்.

வார்டன் அந்த அறிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கண்ணைத் திறந்து, "அவையள் எந்தப் பகுதி ஆக்கள் எண்டு எழுதேல்லையே, பிள்ளை" என்றார். எங்கள் ஊர்ப் பேச்சில் பகுதி என்றால் சாதி.

"கிறிஸ்தவ ஆக்கள் எண்டு எழுதியிருக்கிறன், ஐயா."

"அது எல்லாரும்தான்" என்றார். பேனையை எடுத்து என் கடைசி வரியை வெட்டினார். "கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில நடக்கட்டும். அவையளுக்கும் அதுதான் வசதி."

குருவானவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில், வீட்டுக்கு வா என்று இருந்தது.

வீட்டில் அண்ணன் சட்டையைக் கழற்ற முன்னமே தொடங்கிவிட்டார். "உனக்கு விசரோ? அந்த மனுசன்ர கையிலதான் உன்ர வேலை இருக்கு. பள்ளிக்கூட மனேச்சர் ஆர்? அவர்தானே!"

"நான் கண்டதை எழுதினனான்."

"கண்டதையெல்லாம் எழுதுறதுக்கோ உன்னைச் செயலாளரா வைச்சது?"

அண்ணி அடுப்படியிலிருந்து, "கலியாணம் செய்து குடுத்திருந்தா இந்தக் கரைச்சல் இல்லை" என்றா. எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னா.

அடுத்த புதன்கிழமை நான் திரும்பவும் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்பதை இங்கே சரியாகச் சொல்ல வேண்டும். அந்தச் சனங்கள்மேல் இருந்த அன்பினால் நான் போகவில்லை. வார்டனின் முன் வாங்குக்குப் பக்கத்தில் அவர்களை இருத்திப் பார்க்க வேண்டும் என்ற ஆசையினால் போனேன். வெட்டுப்பட்ட அந்த ஒரு வரி எனக்குள் எரிந்துகொண்டிருந்தது.

"உயிர்த்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஆராதனை. திருவிருந்து இருக்குது. எல்லாரும் வாருங்கோ" என்றேன்.

அந்தப் பெண் உள்ளே போய் ஒரு கண்ணாடிக் குவளையில் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "டீச்சரம்மா, மூணு தடவ வந்துட்டீக. ஒரு தடவகூட எங்க வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்கல" என்றாள்.

"தொண்டை சரியில்லை" என்றேன்.

அவள் குவளையை எடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே தானே குடித்தாள். குடித்து முடித்து, "வாறோம். எட்டு மணிக்கு" என்றாள்.

உயிர்த்த ஞாயிறு அன்று அவர்கள் ஏழரைக்கே வந்துவிட்டார்கள். கோயிற்பிள்ளை அப்போதுதான் கதவைத் திறந்து மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக ஏழு வீட்டாரும். எல்லாரும் வெள்ளை. கரி வேலை செய்கிறவர்கள் அந்த வெள்ளையை எப்படி வெளுத்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. கோயிலில் ஒருவரும் இல்லாததால், அவர்களுடைய ஊர் வழக்கப்படி முன்னால் இருந்து நிரப்பிக்கொண்டு வந்தார்கள். முதல் இரண்டு வரிசை வாங்குகளும் நிறைந்துவிட்டன.

வெள்ளவத்தை ரிக்ஷாக்கள் எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் வந்தன. வார்டன் குடையை மடித்துக்கொண்டு உள்ளே வந்து, நடுவழியில் பாதி தூரத்தில் நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் மனைவி, அவருக்குப் பின்னால் மற்றக் குடும்பங்கள். கோயிலுக்குள் ஒரு வரிசை அப்படியே நின்றது. வார்டன் அண்ணனைக் கண்ணால் கூப்பிட்டார்.

அண்ணன் முன்னால் போய் அந்தப் பெண்ணிடம் குனிந்து, "பின்னால நல்ல இடம் இருக்குது" என்றார்.

"இருக்கட்டும் ஐயா. இங்கயே இருந்துக்கிடுதோம். ஐயர் பண்ணுற பிரசங்கம் இங்க நல்லாக் கேக்கும்" என்றாள் அவள். விளங்காமல் சொன்னாளா, விளங்கிச் சொன்னாளா என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

அதற்குள் மணி அடித்தது, ஓர்கன் தொடங்கியது, குருவானவர் வந்துவிட்டார். வார்டன் மூன்றாம் வாங்கில் இருந்தார். நான் ஆறாம் வாங்கில் அண்ணிக்குப் பக்கத்தில் இருந்து அவருடைய பிடரியைப் பார்த்தேன். அது சிவந்திருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கர்த்தர் உயிர்த்தெழுந்த நாளில் எனக்கு இருந்த சந்தோஷம் அதுதான்.

திருவிருந்துக்கு அழைப்பு வந்தது. எங்கள் சபையில் வார்டனும் மனைவியும் முதலில் எழும்பிப் போவார்கள், பிறகு மற்றவர்கள். இது எங்கும் எழுதாத ஒழுங்கு. முன் வாங்கில் இருந்தவளுக்கு அது தெரியாது. அவள் எழுந்தாள், புருஷன் எழுந்தான், இரண்டு வரிசையும் எழுந்து போய்ப் பீடத்துக்கு முன்னாலிருந்த மரக் கிராதியில் முழங்காலிட்டது. குருவானவர் அப்பம் கொடுத்தார். பாத்திரத்தைக் கொடுத்தார். ஒவ்வொரு உதடாக அந்தப் பாத்திரம் போனது. அவர்கள் எழுந்து வந்து தங்கள் இடத்தில் இருந்தார்கள்.

பிறகு ஒருவரும் எழும்பவில்லை.

குருவானவர் பாத்திரத்தோடு நின்றார். கிராதி வெறுமையாகக் கிடந்தது. வார்டன் கண்ணை மூடியிருந்தார். அவர் எழும்பினால் மற்றவர்கள் எழும்புவார்கள். அவர் எழும்பவில்லை. தெருவில் ஒரு மாட்டு வண்டி போன சத்தம் கோயிலுக்குள் முழுதாகக் கேட்டது. முன் வாங்கில் இருந்த அந்தப் பெண் மெல்லத் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். வாங்கு வாங்காகப் பார்த்தாள். எல்லாரும் ஜெபத்தில் இருப்பவர்கள்போலத் தலை குனிந்திருந்தார்கள்.

நான் எழும்பினேன். அண்ணி என் சேலைத் தலைப்பைப் பிடித்து, "இரும்" என்றா. உதறிவிட்டுப் போனேன். எனக்குப் பின்னால் கோயிற்பிள்ளை வந்தார். நாங்கள் இரண்டு பேர்தான். முழங்காலிட்டு அப்பத்தை வாங்கினேன். பாத்திரம் வந்தது. விளிம்பில் ஈரம் தெரிந்தது. என் கை தானாகப் பாத்திரத்தை ஒரு கால் வட்டம் திருப்பியது. காய்ந்த பக்கத்தில் உதட்டை வைத்துக் குடித்தேன்.

நான் மட்டுந்தான் அறிவேன் என்று அப்போது நினைத்தேன்.

எங்கள் முறைப்படி, ஆசீர்வதித்த திராட்சரசத்தில் எதுவும் மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் குருவானவர்தான் குடித்து முடிக்க வேண்டும். சபை முழுவதற்குமென்று அன்றைக்கு நிறைய ஊற்றியிருந்தார். அந்த இளம் மனிதர் காலையிலிருந்து வெறும் வயிறு. பீடத்துப் பக்கம் திரும்பி நின்று, பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்து, நிறுத்தி நிறுத்திக் குடித்தார். எல்லாரும் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தோம். குடித்து முடித்துத் திரும்பியபோது அவருடைய காதெல்லாம் சிவந்து, கண்ணில் நீர் நின்றது. கடைசி ஆசீர்வாதத்தில் ஒரு வரியை இரண்டு முறை சொன்னார்.

வெளியே வந்ததும் வெள்ளவத்தைக் குடும்பங்கள் ஒருவரோடும் கதைக்காமல் ரிக்ஷாக்களில் ஏறின. ஆனால் திட்டம் என்றால் திட்டம்தான். வார்டனின் மனைவி பள்ளிக்கூட மண்டபத்தில் அரிசிப் பைகளை அடுக்கி வைத்துக்கொண்டு நின்றார். அந்தச் சனங்களைப் பார்த்து, "இஞ்சால வாருங்கோ, இதுகளை எடுத்துக்கொண்டு போங்கோ" என்றார். சற்று முன் அவர்களோடு ஒரே பாத்திரத்தில் குடிக்க மாட்டேன் என்று இருந்த அதே வாய்.

அந்தப் பெண்ணின் புருஷன் பேசியதை நான் முதல் தடவையாக அன்றைக்குத்தான் கேட்டேன். உயரமான மனிதன், ஒரு தோள் கரிக் கூடை சுமந்து தாழ்ந்திருந்தது. "வேண்டாம்மா. நாங்க அரிசிக்கு வரல" என்றான். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினான். ஒருவரும் ஒரு பையைக்கூடத் தொடவில்லை.

அடுத்த கிழமை கமிட்டி கூடியது. வார்டன் சாதி என்ற சொல்லை உச்சரிக்கவே இல்லை. சயரோகம் என்றார். துறைமுகப் பகுதியில் அந்த வியாதி பரவுகிறது, குடும்பஸ்தர்கள் பயப்படுகிறார்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடுகள் என்றார். பிறகு, வெள்ளவத்தையில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் பெருகுகின்றன, அங்கே ஒரு புதிய சபையை நாட்டுவதுதான் அத்தியட்சர் கேட்ட ஊழிய விரிவுக்குச் சரியான திட்டம் என்றார். கொட்டாஞ்சேனைக் கோயில் அந்தப் பகுதிச் சனத்துக்கே இருக்கட்டும் என்றார். இவ்வளவையும் இரக்கத்தோடு சொன்னார்.

"பிள்ளை, தீர்மானத்தை எழுதும்" என்றார் என்னிடம்.

நான் பேனையை மேசையில் வைத்தேன். "எனக்கு உங்களைப் பிடிக்காது, ஐயா" என்றேன். "நீங்கள் பயப்பிடுறது வியாதிக்கில்லை. அந்தச் சனம் முழங்காலிட்ட இடத்தில முழங்காலிட உங்களுக்கு ஏலாது. அதை எழுதச் சொல்லுங்கோ, எழுதுறன். சயரோகம் எண்டு எழுதமாட்டன்."

கதிரைகள் கிரீச்சிட்டன. அண்ணன், "வாயை மூடு!" என்றார். வார்டன் வழமைபோலக் கண்ணை மூடியிருந்தார்.

அப்போது குருவானவர் வாய் திறந்தார். அவர் என் பக்கம் நிற்கப் போகிறார் என்று ஒரு கணம் நம்பினேன். "டீச்சர்" என்றார், மேசையைப் பார்த்துக்கொண்டு. "நீங்களும் பாத்திரத்தைத் திருப்பினீங்கள். நான் கண்டனான்."

வார்டன் கண்ணைத் திறந்தார். அவர் சிரித்ததை நான் அந்த ஒரு தடவைதான் கண்டேன்.

குருவானவர் சொன்னது உண்மை. அதை அவர் அந்தச் சனங்களுக்காகச் சொல்லவில்லை, தான் தப்புவதற்காகச் சொன்னார் என்பதும் உண்மை. நான் எழும்பிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். எனக்குப் பின்னால் அண்ணன் குறிப்புப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து எழுதத் தொடங்கிய சத்தம் கேட்டது.

தவணை முடிவில் மனேச்சரின் கடிதம் வந்தது. அடுத்த தவணைக்கு நான் வர வேண்டியதில்லை. அண்ணன் அதற்குள் வெள்ளவத்தையில், காலிவீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு வீடு பார்த்துவிட்டார். எனக்கும் ஒரு அறை இருக்கிறது, வார்டனிடம் போய் மன்னிப்புக் கேட்டால் வரலாம் என்றார். நான் கேட்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு பறங்கிக் கிழவியின் வீட்டில் பின் அறை எடுத்தேன். தெமட்டகொடைப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது.

நடந்ததைச் சொல்வதற்கென்று ஒரு பின்னேரம் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். எனக்கு ஆறுதல் சொல்லுவார்கள் என்ற எண்ணமும் இருந்தது. என் வேலை போனதையும், அண்ணன் வீடு மாறுவதையும், வெள்ளவத்தைச் சபையையும் சொன்னேன். அந்தப் பெண் வாசற்படியில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"ஒண்ணு கேக்கேன், டீச்சரம்மா" என்றாள். "அவுக எங்களோட குடிக்க மாட்டாகன்னு உங்களுக்கு முந்தியே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் வாங்கன்னு சொன்னீக."

"உங்களுக்கும் உரிமை இருக்குதுதானே" என்றேன்.

சுளகைக் கீழே வைத்தாள். "உரிமைய நாங்க கேட்டுக்கிடுவோம். எப்படிக் கேக்கணும்னு எங்களுக்குத் தெரியும். என் பிள்ளைக அன்னைக்குத் திரும்பித் திரும்பிப் பாத்துச்சு, ஏன் யாரும் வரலன்னு. வீட்டுக்கு வந்து என் மக கேக்கா, நம்ம வாய் நாறுதான்னு. நான் என்னத்தச் சொல்ல? எங்கள வச்சு அவுகள அடிச்சீக. வலி எங்களுக்கு." சுளகைத் திரும்ப எடுத்துக்கொண்டு சொன்னாள்: "ஞாயித்துக்கெழம வருவோம். உங்களுக்காக இல்ல. எங்க கோயிலு அது."

வந்தார்கள். ஒரு ஞாயிறும் தவறவில்லை. இரண்டு வருஷத்துக்குள் வெள்ளவத்தையில் கோயில் கட்டி முடிந்து, ஓர்கனையும் நல்ல விரிப்புகளையும் அங்கே கொண்டுபோனார்கள். எங்கள் குருவானவரும் அங்கேயே மாறிப் போனார். கொட்டாஞ்சேனைக்கு மாதத்தில் இரண்டு முறை வேறொரு வயதான குருவானவர் வந்து திருவிருந்து கொடுத்தார். மற்ற ஞாயிறுகளில் அந்தப் பெண்ணின் புருஷன் ஜெபப் புத்தகத்தைப் பார்த்து ஆராதனை நடத்தினான். அவனைத்தான் வார்டனாகவும் தெரிவு செய்தார்கள். ஓர்கன் இல்லாமல் பாடினார்கள். ஓர்கன் இருந்தபோது நாங்கள் பாடியதைவிட நன்றாகப் பாடினார்கள்.

நானும் அங்கேதான் போனேன். அவர்கள் என்னைப் போகச் சொல்லவும் இல்லை, வரவேற்கவும் இல்லை. ஒரு கமிட்டிக்கும் என்னைக் கூப்பிடவில்லை. எழுத்து வேலை வந்தபோது அந்தப் பெண்ணின் மகளைக்கொண்டே எழுதுவித்தார்கள். நற்செய்தியை வாசிக்கட்டுமா என்று அந்தப் பெண்ணிடம் ஒரு தடவை கேட்டேன். "ஆள் இருக்கு, டீச்சரம்மா" என்றாள். அந்தச் சபையில் நான் எட்டு வருஷம் இருந்தேன், எட்டு வருஷமும் விருந்தாளியாகத்தான் இருந்தேன். அவள்மேல் எனக்குக் கோபமும் வந்திருக்கிறது. நான் எவ்வளவு இழந்தேன் என்று அவளிடம் கத்த வேண்டும்போல் இருந்திருக்கிறது. கத்தியிருந்தால் அவள் கேட்டுக்கொண்டே அரிசி புடைத்திருப்பாள்.

யுத்தம் வந்தது. பிறகு ஒரு நாள் காலையில் யப்பான்காரனின் விமானங்கள் வந்து துறைமுகத்தில் குண்டு போட்டன. அந்தக் கிழமையே கொழும்பு காலியாகத் தொடங்கியது. கோட்டை ஸ்டேஷனில் யாழ்ப்பாண ரயிலுக்குச் சனம் யன்னலால் ஏறியது. அண்ணன் ஐந்து வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் அறை வாசலில் வந்து நின்றார். நன்றாக நரைத்திருந்தார்.

"உடுப்பை எடு. ரிக்ஷா நிக்குது" என்றார். "ஊருக்குப் போறம். அண்ணியும் பிள்ளையளும் ஸ்டேஷனில நிக்கினம்."

"உங்கட புதுக் கோயிலில ஆர் ஆராதனை நடத்துறது?" என்று கேட்டேன்.

"பூட்டியாச்சு. எல்லாரும் போறினம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பல்ல. "இஞ்ச பூட்டேல்லை. வாற ஞாயிறும் இருக்குது" என்றேன்.

அண்ணன் என்னையே பார்த்தார். அவருக்குக் கோபம் வந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் களைத்துப்போன குரலில், "நீ ஒரு நாளும் ஒருத்தரிலயும் அன்பு வைச்சதில்லை. ஆரோ ஒருத்தரைத் தோற்கடிக்கத்தான் எல்லாம் செய்யிறனி" என்றார்.

"நீங்கள் ஆரில அன்பு வைச்சனீங்கள்? அந்தத் தீர்மானத்தை எழுதினது உங்கட கைதானே?"

"நீ வாடகை குடுக்கப் பிந்தினாலும் உன்னை வெளியேத்தக் கூடாது, நான் தருவன் எண்டு இந்த அஞ்சு வருஷமும் அந்தக் கிழவிக்கு வந்து சொல்லிக்கொண்டிருந்தது ஆர் எண்டு கேள்" என்றார். அதற்குமேல் நிற்கவில்லை. ரிக்ஷாவில் ஏறும்போது குடையை மறந்துபோய், திரும்பி வந்து, என்னைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

நான் அந்தக் கிழவியிடம் கேட்கவில்லை. கேட்டால் உண்மை என்று சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது.

அண்ணன் அந்த வருஷ மழைகாலத்தில் ஊரில் காய்ச்சலில் செத்துப்போனார். தந்தி வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் எடுத்தேன். பின்னேரம் வந்து அண்ணிக்கு ஒரு கடிதம் எழுதினேன். துக்கம் விசாரித்து, பிள்ளைகளைப் பற்றிக் கேட்டு, நான் வந்து உதவட்டுமா என்றும் எழுதியிருந்தேன். பதில் வரவில்லை. நானும் இரண்டாவது கடிதம் எழுதவில்லை.